கேட்கத் தெரிந்தவர்

எங்கள் தெருவில் அவருக்குப் 'பியானோ சார்' என்று பெயர். அவருக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. அவர் வீட்டில் பியானோ கிடையாது. வாழ்நாளில் ஒரு பியானோவைத் தொட்டிருப்பாரா என்பதே சந்தேகம். அவரிடம் இருந்தது ஒரு சிடி. ஒரே ஒரு சிடியை வைத்துக்கொண்டு ஒரு தெருவையே கீழாகப் பார்க்க முடியும் என்பதை அவரிடம்தான் நான் கண்டேன்.

பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் இண்டூர்ப் பக்கம். அங்கிருந்த நிலத்தைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு, நல்லம்பள்ளி போகும் வழியில் புதிதாகப் போட்ட மனைப்பிரிவில் எங்கள் வீட்டை ஒட்டி வீடு கட்டிக்கொண்டு வந்தார். வீடு கட்டும்போதே கொத்தனாரிடம் கூடத்தின் சுவரை இரட்டைச் சுவராக எழுப்பச் சொன்னார். வெளிச் சத்தம் உள்ளே வரக் கூடாதாம். ஆனால் ஜன்னல்கள் எப்போதும் திறந்தே கிடக்கும்; உள்ளே இருக்கும் சத்தம் வெளியே வருவதைப் பற்றி அவருக்குக் கவலை இருக்கவில்லை.

குடிவந்த வாரமே எங்களைக் காப்பிக்கு அழைத்தார். நானும் என் கணவரும் போனோம். என் கணவர் மாம்பழக்கூழ் ஆலையில் மேற்பார்வையாளர். அது மாம்பழ சீசன். காலையிலிருந்து லாரி லாரியாகப் பழம் இறக்கிவிட்டு, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு அலுப்போடு வந்திருந்தார். கூடத்தில் இரண்டு நாற்காலிகளை ஆள் உயர ஸ்பீக்கர்களுக்கு எதிரே போட்டு எங்களை உட்கார வைத்தார் பியானோ சார்.

"காது எல்லாருக்கும் இருக்குது. கேக்கத் தெரிஞ்சவன் எத்தன பேரு?" என்றார்.

என்ன பதில் சொல்வது என்று நாங்கள் யோசிப்பதற்குள் சிடி ஓடத் தொடங்கிவிட்டது.

ஐரோப்பாவில் ஏதோ ஓர் அரங்கத்தில், ஆட்கள் முன்னால் வாசித்ததை அப்படியே பதிவு செய்த சிடி அது. உறையில் தோள்வரை முடி வளர்த்த ஒருவன், யாரோ அவனை அவமானப்படுத்திவிட்டதைப் போலப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாசித்ததைக் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. காய்ந்த எண்ணெயில் கடுகு கொட்டியதுபோல ஒரு கை மேலே பொரிந்துகொண்டிருக்க, இன்னொரு கை கீழே இடி இறக்கிக்கொண்டிருந்தது. பத்து விரல்தானா என்று சந்தேகம் வந்தது. நடுவில் மெதுவாக ஒன்று வந்தது. மழை விட்ட பிறகு ஓட்டிலிருந்து சொட்டுவது மாதிரி. அது எனக்குப் பிடித்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சார் உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே உயர்த்தினார்.

அந்தக் கையை நான் பிற்பாடு எத்தனையோ முறை பார்த்தேன். போக்குவரத்துக் காவலர் லாரியை நிறுத்துவது போன்ற கை. அவருடைய மனைவி, பிற்பாடு நான் அக்கா என்று கூப்பிட்டவர், காப்பியோடு வந்து, "சக்கர போதுங்களா?" என்று மெல்லக் கேட்டார். அவருக்கும் அதே கை. அக்கா தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். காப்பியில் ஆடை படிந்தது. என் கணவர் தூங்கிவிட்டார்.

சிடி முடிந்ததும் சார் தூங்குகிறவரைப் பார்த்தார். "பழங்கூழ் மிஷின் பக்கத்துல நின்ன காது. அதச் சொல்லிக் குத்தமில்ல," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நாற்காலியில் உட்காராதவர்கள் எங்கள் தெருவில் குறைவு. கேபிள் டிவிக்காரர் உட்கார்ந்தார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் உட்கார்ந்தார். ஒருமுறை ஆடி மாதம் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியை எதிர்த்துக் காவல் நிலையத்தில் சார் மனுக் கொடுத்துவிட்டார். கோயில் ஆட்கள் சமாதானம் பேச வந்தார்கள். நான் அக்காவிடம் தயிருக்கு உறை வாங்கப் போனவள் அங்கே நின்றிருந்தேன்.

"சார், வருசத்துக்கு ஒருக்காதானுங்க சாமி வருது. கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க," என்றார் வந்தவர்களில் பெரியவர்.

சார் அதற்குப் பதில் சொல்லவில்லை. "நீங்க அடிக்கிறது பம்பை. இது சங்கீதம். உக்காந்து கேளுங்க," என்று சிடியைப் போட்டார். அவர்கள் தோள் துண்டை மடியில் வைத்துக்கொண்டு மரியாதைக்காக முழுவதும் கேட்டார்கள். முடிந்ததும் பெரியவர் எழுந்தார்.

"நல்லாத்தாங்க வாசிக்கிறாரு. ஆனா அவருக்கு எதுக்குங்க இவ்ளோ அவசரம்? பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சுங்களா?"

எல்லாரும் சிரித்தோம். சமையலறை வாசலில் அக்காகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சார் மட்டும் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, பெரியவர் ஏதோ பாராட்டிவிட்டதைப் போல, "அதான், அதான். இப்ப புரிஞ்சுதா?" என்றார்.

இவ்வளவு திமிரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிண்டலைக்கூடப் பாராட்டாக எடுத்துக்கொள்கிறான் மனிதன் என்று வீட்டுக்கு வந்து சொன்னேன்.

அவரிடம் ஏதாவது ஒன்றைக் கேட்டுப் பதில் வாங்கியவர்கள் கிடையாது. பேச்சை அவர்தான் தொடங்குவார், அவரே முடிப்பார். சென்னையில் இருக்கும் மகள் கூப்பிட்டால் போனைக் கையில் வாங்கவே மாட்டார். "வெட்டிப் பேச்சு எனக்கு ஆகாது. நீயே பேசு," என்று மனைவி பக்கம் தள்ளிவிடுவார். அப்பா தன்னோடு பேசுவதில்லை என்று அந்தப் பெண் அழுததை அக்காதான் என்னிடம் சொன்னார். சிடியில் ஓரிடத்தில் கூட்டத்திலிருந்து ஒருவர் இருமுவார். அந்த இடம் வந்தால் சார், "காட்டுமிராண்டி!" என்று அந்த வெள்ளைக்காரரைத் திட்டுவார். சில நாள் இருமல் வந்து போய் வெகுநேரம் கழித்துத் திட்டுவார். அதையெல்லாம் நான் அப்போது யோசித்துப் பார்க்கவில்லை. அவரைப் பற்றி ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

அக்கா பேசுவதெல்லாம் காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும் என்னோடுதான். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் விட்டு வந்து துணி எடுக்கும் நேரத்துக்கு அவரும் வந்துவிடுவார். மகள் வீட்டுப் பேரன், கத்திரிச் செடியில் பூச்சி, பெங்களூரில் இருந்தபோது பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மா கற்றுக்கொடுத்த சாரு என்கிற ரசம், எல்லாம் வரும். வீட்டுக்குள் போனால் வாய் மூடிவிடும்.

"சார்ட்ட சொல்றதுதானேக்கா இதெல்லாம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவரு காதுல நான் வுழுந்து எத்தினியோ வருசமாச்சு கண்ணு. மொதல்ல ரெண்டு தடவ கூப்புடுவன். அப்பறம் மூணு. இப்ப கூப்புடறதே இல்ல. பக்கத்துல போயி நின்னா கைய தூக்குறாரு. நாய்க்குக்கூட அப்பிடிக் கைய காட்ட மாட்டாங்க," என்றார். அழவில்லை. காய்ந்த துவரம்பருப்பைப் புடைத்துக்கொண்டே சொன்னார்.

ஒரு சாயங்காலம், நான் அடுப்படியில் இருக்கிறேன், பக்கத்து வீட்டில் பியானோ பொரிந்துகொண்டிருக்கிறது. அதற்குள் வேறொரு சத்தம். இரும்பு வாளி உருண்ட சத்தம் முதலில். அப்புறம் "ஏனுங்க" என்று. மறுபடி "ஏனுங்க... ஏனுங்க..." குளியலறை ஜன்னல் எங்கள் பக்கம்தான். குரல் தரையிலிருந்து வந்தது.

ஓடினேன். அழைப்பு மணியை அழுத்தினேன். கதவைத் தட்டினேன். உள்ளே இடி இறங்கிக்கொண்டே இருந்தது. பின்பக்கம் சுற்றிப் போனால் நல்லவேளை, கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. அக்கா குளியலறையில் ஒருக்களித்துக் கிடந்தார். கால் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. என்னைப் பார்த்ததும், "அவரக் கூப்புடு," என்றார்.

கூடத்துக்குப் போனேன். கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். எதிரே போய் நின்று, "சார், அக்கா வுழுந்துட்டாங்க!" என்று கத்தினேன். கண்ணைத் திறந்தார். கையை உயர்த்தினார்.

நான் சுவரோரம் போய் சிடி மிஷினின் பிளக்கைப் பிடுங்கினேன். அந்த வீட்டில் திடீரென்று விழுந்த அமைதியில் அக்காவின் முனகல் தெளிவாகக் கேட்டது. அவர் என்னைப் பார்த்து, "என்னம்மா, யாரு வூட்டுல என்ன பண்ற?" என்று எழுந்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டியிருந்தது.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், எவ்வளவு நேரம் கிடந்தார் என்று கேட்டார். நான் சாரின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஒரு கணம் டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நான் சங்கீதத்துல இருந்தன் டாக்டர். அதுல இருக்கும்போது எனக்கு வேற எதுவும் கிடையாது. சொன்னா உங்களுக்குப் புரியாது."

தெருவில் இது பரவாமல் இருக்குமா? பெண்டாட்டி செத்தாலும் பாட்டு முடிந்துதான் எழுந்திருப்பான் என்றார்கள். கல்நெஞ்சன் என்றார்கள். நானும் சொன்னேன். மற்றவர்களைவிடக் கூடவே சொன்னேன். ஆச்சரியம் என்னவென்றால், இதெல்லாம் தெரிந்தும் அவர் தலைநிமிர்ந்துதான் நடந்தார். அந்தப் பேச்சு அவருக்கு ஏதோ ஒரு வகையில் வசதியாக இருந்ததைப் போலத் தோன்றியது. அந்த வசதி என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது.

அக்கா அறுவை சிகிச்சை முடிந்து வாக்கர் என்கிற நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். படுக்கை பக்கத்தில் அழுத்தினால் கூடத்தில் அடிக்கும் மணி ஒன்றை நான் வாங்கிக் கொடுத்தேன். மணி அடிக்கும், எங்கள் வீட்டுக்குக்கூடக் கேட்கும், அவர் எழ மாட்டார். நான்தான் போவேன். போகும்போதெல்லாம் அவரைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வருவேன். அவர் எனக்கும் கையை உயர்த்துவார்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணி வெயில். பக்கத்து வீட்டில் வழக்கமான கச்சேரி நடந்துகொண்டிருந்தது. திடீரென்று சிடி ஓரிடத்தில் மாட்டிக்கொண்டது. மேல் கட்டைகளில் ஐந்தாறு சுரம். டிரிடிரிடிரிக், டிரிடிரிடிரிக் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னது. சரி, எழுந்து மாற்றுவார் என்று பார்த்தேன். மாற்றவில்லை. நான் காய் நறுக்கி முடித்தேன். அது நிற்கவில்லை. குழம்பு கொதித்தது. அது நிற்கவில்லை. என் கணவர், "என்னாச்சு பாரு, ஆளு மயங்கி கியங்கி வுழுந்துட்டாரா?" என்றார்.

போனேன். கதவு திறந்திருந்தது.

அவர் மயங்கவில்லை. நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருந்தார். இரண்டு கைவிரல்களும் நாற்காலிக் கைப்பிடியில் வாசித்துக்கொண்டிருந்தன. சிடி அதே ஐந்தாறு சுரத்தில் துடித்துக்கொண்டிருக்க, அவர் விரல்கள் மெதுவாக, மிக மெதுவாக, ஒவ்வொன்றாக இறங்கின. அந்த மழைச்சொட்டு இடம். அவர் அங்கே போய்விட்டிருந்தார். முகத்தில் அவ்வளவு சுகம். "ஆகா," என்றார் தனக்குள். பிறகு விரல்கள் வேகம் பிடித்தன. கடைசிப் பகுதிக்குப் போய்க்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் டிரிடிரிடிரிக், டிரிடிரிடிரிக்.

நிமிர்ந்தேன். படுக்கையறை வாசலில் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. என்னைப் பார்க்கவில்லை. சாருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா நடைச்சட்டத்தை டக் டக்கென்று ஊன்றிக் கூடத்தைக் கடந்து போய் மிஷினை நிறுத்தினார். சத்தம் நின்றது. சாரின் விரல்கள் நிற்கவில்லை. நிசப்தத்தில் அவர் கடைசி இடியை இறக்கி முடித்து, தலையை ஆட்டி, கண்ணைத் திறந்தார். எதிரே மனைவி நின்றார்.

"ஏனுங்க. உங்களுக்குக் காது கேக்காதுங்களா?"

அவர் அக்காவின் உதட்டைப் பார்த்தார். மிஷினைப் பார்த்தார், அதில் விளக்கு எரியவில்லை. என்னைப் பார்த்தார். கை பாதி எழுந்து, மடியில் விழுந்தது.

"மெதுவாப் பேசு," என்றார். "வெளிய கேக்கும்."

"எத்தினி வருசமா?"

"பெங்களூர்லயே கொறய ஆரம்பிச்சிருச்சு. கீழ் சத்தம் கொஞ்சம் வரும். மேல் சத்தம் வராது. அதனால என்ன, எனக்குத்தான் முழுக்க மனசுல இருக்குதே."

"அன்னிக்கு நான் கூப்ட்டது?"

அவர் குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"கேக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்களா? டாக்டர்ட்ட? எங்கிட்ட?"

"செவுடன்னு சொல்லுவானுங்க."

"கல்நெஞ்சுக்காரன்னு சொல்றாங்களே. பொண்டாட்டி கெடந்து கத்துறப்ப பாட்டு கேட்டான்னு சொல்றாங்களே. அது பரவால்லீங்களா?"

சார் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "அது பரவால்ல," என்றார்.

இதைப் படிக்கிறவர்கள் இப்போது அவர்மேல் இரக்கப்படலாம். காது போன மனிதன், பாவம், மானத்துக்கு அஞ்சினான் என்று. என் கணவரும் அப்படித்தான் சொன்னார். எனக்கு அந்த நாளில்தான் அவர்மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போனது. சங்கீதப் பைத்தியத்தில் பெண்டாட்டியை மறந்தவன் என்றால்கூட, போகட்டும், பைத்தியம் என்று விடலாம். இவர் மறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் கணக்குப் போட்டு, செவிடு என்ற பெயரைவிடப் பெண்டாட்டிக்கு அவமானம் மலிவு என்று முடிவெடுத்திருக்கிறார். காது கேட்காதவர்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பக்கத்தில் போய்ச் சத்தமாகப் பேசுகிறோம், முடிந்தது.

அக்காவும் அதைத்தான் சொன்னார். சண்டை போடவில்லை. நடைச்சட்டம் இல்லாமல் நடக்க முடிகிறவரை காத்திருந்தார். பிறகு ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு அரூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினார். சுவரோரம் வந்து என்னிடம் சொல்லிக்கொண்டார்.

"அவரு என்ன மதிக்கல, அதான் காதுல வாங்கலன்னு இத்தினி வருசம் நெனச்சிருந்தன் கண்ணு. சரி, நம்ம பேச்சு அவ்வளவுதான் போலன்னு இருந்துட்டன். செவுடுன்னு தெரிஞ்சிருந்தா கிட்டப் போயி ஒக்காந்து பேசியிருப்பன். நான் பேசறதுக்கு எவ்வளவோ இருந்துச்சு."

அவர் போன பிறகும் கொஞ்ச காலம் பியானோ கேட்டது. அப்புறம் குறைந்தது. தம்பி மகன் இண்டூரிலிருந்து வந்து சாப்பாடு வைத்துவிட்டுப் போவான். ஒருநாள் சாரே எங்கள் வாசலுக்கு வந்து, என் கணவரிடம், "சேலத்துல காதுக்கு மிஷின் வெக்கிறாங்களாமே. கூட வர முடியுமா?" என்றார். கூழ் ஆலைக் காது என்று அவர் சொன்ன அதே மனிதர்தான் வேலைக்கு லீவு போட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனார். பார்த்த டாக்டர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: இது பேச்சுக் கேட்பதற்கான மிஷின், பாட்டு பழைய மாதிரி இருக்காது.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக சிடியைத் துடைத்துப் போட்டார். கொஞ்ச நேரத்தில் சுவரோரம் வந்து என்னைக் கூப்பிட்டார்.

"யாரோ சிடிய மாத்திட்டாங்கம்மா. இது அவன் வாசிச்சது இல்ல. பாத்திரக் கடைய உருட்டுற மாதிரி இருக்குது."

"அதே சிடிதான் சார்."

"உனக்குத் தெரியாது. காது எல்லாருக்கும் இருக்குது..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து பியானோ கேட்கவில்லை.

நான்கைந்து நாள் கழித்து வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டு, மிஷினைக் காதில் மாட்டிக்கொண்டு, காலைப் பேருந்தில் அரூர் போனார். மனைவியைக் கூட்டிவரத்தான் போகிறார் என்று தெருவுக்கே தெரிந்தது. எனக்கும் உள்ளுக்குள் அக்கா வந்தால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கத்திரிச் செடியெல்லாம் காய்ந்துவிட்டிருந்தது.

மத்தியானம் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"வந்தாரு. சாப்ட்டாரு. எதுக்க ஒக்காந்து, சொல்லு, இப்ப கேக்குதுன்னாரு. கையத் தூக்காம கட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. சொன்னன் கண்ணு. கல்யாணமாயி வந்த நாள்லருந்து எல்லாத்தையும் சொன்னன். சாயந்தரம் வரைக்கும்கூட சொல்லலாம், அவ்ளோ இருந்துச்சு. கடேசியா, நான் இங்கியே இருந்துக்கறன், நீங்க போங்கன்னு சொன்னன். மறுக்காச் சொல்லுன்னாரு. மறுக்காவும் சொன்னன். கேட்டுச்சுங்களான்னு கேட்டன். தெளிவாக் கேட்டுச்சுன்னாரு. எந்திரிச்சுப் போயிட்டாரு. பத்தரமா வந்து சேந்துட்டாரான்னு மட்டும் பாத்துச் சொல்லு."

பொழுது சாய்கிற நேரத்துக்கு அவர் தெருமுனையில் வந்தார். சட்டை கசங்கியிருந்தது. நான் எங்கள் வாசல் கேட் அருகில் நின்றுகொண்டிருந்தேன்.

"அக்கா வரலீங்களா சார்?"

"வரல."

"என்ன சொன்னாங்க?"

அவர் நின்றார். காதிலிருந்து மிஷினைக் கழற்றினார். அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்தார்.

"பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல வூடு. ஒரே எரைச்சல். என்ன சொன்னான்னு சரியாக் காதுல வுழல," என்றார்.

என்னிடம் கேட்டிருந்தால் நான் அக்கா சொன்னதை வார்த்தை மாறாமல், தெருவுக்கே கேட்கும்படி, சத்தமாகச் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. பூட்டைத் திறந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் அக்காவுக்குப் போன் செய்து, பத்திரமாக வந்துவிட்டார் என்று மட்டும் சொன்னேன்.